பானெட்டில் முகம் பார்ப்பவர்

கொடைக்கானலில் நாயுடுபுரம், மூஞ்சிக்கல் பக்கத்து உள்தெருக்களில் காலை வேளையில் நடந்து போனால், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் இவரைப் பார்த்துவிடலாம். குல்லா, மப்ளர், அரைக்கை ஸ்வெட்டர். காரின் பானெட்டுக்குச் சமமாகக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பெயின்ட்டை நீளவாக்கில் நோட்டம் விட்டுக்கொண்டிருப்பார். வண்டி ஏதோ மக்கர் பண்ணுகிறது என்று இரக்கப்பட்டு அருகில் போய்விடாதீர்கள். போனால் கார்னௌபா மெழுகைப் பற்றி முழுவதும் கேட்டுவிட்டுத்தான் திரும்ப முடியும். அதற்குள் டிபன் ஆறிவிடும்.

சமவெளியில் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஓய்வு பெற்று, குளிருக்கு ஆசைப்பட்டு மலையேறியவர். கார் கறுப்பு, இல்லாவிட்டால் கருநீலம். கீறல் விழுந்தால் பளிச்சென்று தெரியும் நிறமாகத் தேடிப் பிடித்து வாங்கியிருப்பார். வெள்ளைக் கார்க்காரர்களை அவர் மனிதர்களாகச் சேர்ப்பதில்லை. "வெள்ளையில என்னங்க தெரியும்? அது காரா, ஃபிரிட்ஜா?" என்பார்.

காரை ஓட்டுவது அபூர்வம். ஏழு ரோட்டுக்குக் காய்கறி வாங்க நடந்தே போவார். ஏரிக்கரையில் நிறுத்தினால் மரத்துப் பிசின் சொட்டும். கோக்கர்ஸ் வாக் அருகே நிறுத்தினால் பக்கத்து வண்டிக்காரன் கதவைத் திறந்து இடிப்பான். 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் கட்டாயமானபோது லாட்ஜ்காரர்களும் சாக்லேட் கடைக்காரர்களும் கையைப் பிசைந்தார்கள். இவருக்கு மட்டும் அன்று தீபாவளி. ரோட்டில் தூசி குறையுமாம்.

மெழுகுப் பாடத்தை அவர் பிரேசிலிலிருந்துதான் தொடங்குவார். அந்த நாட்டின் வடகிழக்கில், பியாவி, சியாரா மாநிலங்களில் ஒரு பனை வளர்கிறது. மழை பொய்க்கும் மாதங்களில் ஓலையிலுள்ள ஈரம் ஆவியாகிவிடாமல் இருக்க, அது தன் ஓலைமேல் மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டி, வெயிலில் காயப்போட்டு, அடித்து உதிர்த்து, அந்தத் தூளை உருக்கி எடுப்பதுதான் கார்னௌபா. விரியாத குருத்தோலையில் கிடைக்கும் மஞ்சள் மெழுகு முதல் தரம். முற்றிய ஓலையில் கிடைப்பது கறுத்திருக்கும், விலையும் குறையும். இந்த இடத்தில் அவர் பெருமூச்சு விட்டு, "நம்ம பனையும் இருக்கே, நுங்கு, பதநீர், கருப்பட்டின்னு எல்லாமே திங்கிற சாமானாக் கொடுக்குது" என்று தமிழ்நாட்டின் மாநில மரத்தின்மீது தன் வருத்தத்தைப் பதிவு செய்வார்.

அடுத்து 1935க்கு வருவார். அமெரிக்காவில் ரசீன் என்ற ஊரில் மெழுகு வியாபாரம் செய்த ஜான்சன் என்பவர், இந்தப் பனையை நேரில் பார்த்தே தீருவது என்று, தண்ணீரிலும் தரையிலும் இறங்கக்கூடிய சிகோர்ஸ்கி விமானத்தில் ஏறி பிரேசிலின் ஃபோர்த்தலேசா வரை பறந்து போனார். நடந்த கதைதான். ஆனால் நம்மவர் சொல்லும்போது விமானத்தில் முன் சீட்டில் அவரும் இருந்தது தெரியும்.

மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேலே பளபளப்புக்குப் பூசுவதும் இதே மெழுகுதான், டப்பாவில் 903 என்று எண் போட்டிருக்கும் என்று ஒருநாள் வீட்டில் சொல்லப்போக, உள்ளேயிருந்து பதில் வந்தது: "அப்ப பேரன் மிட்டாய வாங்கித் தேய்ச்சிட வேண்டியதுதானே? டப்பா மூவாயிரம் ரூபாய்ங்கிறீங்க."

எனக்கு அந்தப் பனையை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. வறட்சிக்குப் பயந்து, உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகக் கூடாதென்று அது பூசிக்கொண்டதை, கடல் மட்டத்துக்கு 2,100 மீட்டர் உயரத்தில், வருடத்தில் பாதி நாள் பனிமூட்டத்தில் கிடக்கும் ஊரில், வெளியே இருக்கும் ஈரம் உள்ளே வரக் கூடாதென்று இவர் பூசுகிறார். மரத்துக்கு வாய் இருந்தால் வழக்குப் போடும்.

மெழுகு தேர்ந்தெடுப்பதில் அவர் காட்டும் கறாரைப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது காட்டவில்லை என்பது அவர் மனைவியான மாமியின் குற்றச்சாட்டு. 'சுத்தக் கார்னௌபா' என்று டப்பாவில் போட்டிருந்தால் சிரிப்பார். சுத்தக் கார்னௌபா செங்கல் மாதிரி இருக்கும். உருகவே எண்பது டிகிரிக்கு மேல் வேண்டும். கரைப்பானும் எண்ணெயும் இளகிய வேறு மெழுகும் கலந்தால்தான் கையில் வழியும். டப்பாவில் சொல்லும் சதவீதம் எடைக் கணக்கா, அளவுக் கணக்கா, கரைப்பானைச் சேர்த்தா, சேர்க்காமலா? கடைக்காரரிடம் இதைக் கேட்பார். கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவார். 'கிளீனர் வேக்ஸ்' என்று இருந்தால் தொடவே மாட்டார். அதில் தேய்க்கும் பொடி கலந்திருக்கும், போட்ட மெழுகையே அது எடுத்துவிடும். ஆக எல்லாம் பார்த்து, கேட்டு, முகர்ந்து (ஆம், முகர்ந்தும்) கடைசியில் அவர் கேட்பது ஒன்றே: "நீடிச்சு நிக்குமா?"

நல்ல கார்னௌபா மழையில் நனையும் வண்டியில் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் நிற்கும். பாலிமர் கலந்த சீலன்ட் ஆறு மாதம்வரை தாங்கும். திண்டுக்கல்லில் ஒரு பட்டறைப் பையன் இதற்கு முடிவு கட்டப் பார்த்தான்.

"சார், பேசாம செராமிக் கோட்டிங் அடிச்சிருவோம். ரெண்டு மூணு வருஷம் நீங்க வண்டியத் தொடவே வேண்டாம்."

"தொடவே வேண்டாமா?"

"வேண்டாம் சார். தண்ணி ஊத்திக் கழுவுனாப் போதும்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பென்ஷனை நிறுத்தி உத்தரவு வந்தால்கூட அப்படிப் போகாது. செராமிக்கில் 'ஆழம்' இல்லை, வண்டி கண்ணாடி பூசினதாகத் தெரியும், கார்னௌபாவில்தான் பெயின்ட் ஈரமாகத் தெரியும் என்று ஏதேதோ சொல்லிவிட்டு மலையேறிவிட்டார். நீடிக்கும் மெழுகைத்தான் தேடுகிறார். ஆனால் நீடித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது?

பூசுவதற்கு நாள் பார்ப்பதுதான் பெரும்பாடு. பானெட் சூடாக இருந்தால் மெழுகு போட்ட இடத்திலேயே இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதனால் நேர் வெயில் கூடாது. பனி இறங்கினால் காயாது. அதனால் பனியும் கூடாது. 1901லிருந்து இந்த ஊர் வானாய்வகத்தில் சூரியன் எப்போது வெளியே வருமென்று விஞ்ஞானிகள் காத்திருக்கிறார்கள். அங்கிருந்துதான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். அதே வானத்தைப் பார்த்துக்கொண்டு, சூரியன் வந்து கொஞ்சம் காயவைத்துவிட்டு, வண்டிமேல் படாமல் நகர்ந்துகொள்ள வேண்டுமென்று இவர் காத்திருக்கிறார்.

நேரம் கூடிவந்தால் முதலில் இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, மற்றதில் அலசத் தண்ணீர். பாத்திரம் விளக்கும் சோப்பு அந்தப் பக்கமே வரக் கூடாது. பழைய மெழுகை வழித்தெடுத்துவிடும். கழுவித் துடைத்ததும், உள்ளங்கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்துப் பெயின்ட்டைத் தடவுவார். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். பிளாஸ்டிக் பை தடை செய்யப்பட்ட ஊர் என்பதால் இதற்கென்று ஒரு பழைய ரொட்டிக் கவரைப் பூஜை அறை அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறார். சொரசொரப்பு இருந்தால் கிளே பார் என்கிற, களிமண் மாதிரி பிசையக்கூடிய கட்டி வரும். ஷாம்புத் தண்ணீரைத் தெளித்து அதை இழுத்தால் பிசினும் பிரேக் உதிர்த்த இரும்புத் துகளும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கட்டி தரையில் விழுந்தால் மண் ஒட்டும், வண்டியைக் கீறும், தூக்கிப் போட வேண்டியதுதான். ஒருமுறை விழுந்தது. அன்று வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

அப்புறம்தான் மெழுகு. பஞ்சில் தொட்டுக்கொள்வது நெற்றிக்கு இடும் சந்தன அளவுதான். கதவு ஒன்று, மட்கார்டு ஒன்று என்று பகுதி பகுதியாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படி மெல்லிசாக. கறுப்புப் பிளாஸ்டிக் பம்பரில் பட்டால் வெள்ளைக் கறை நிற்கும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, கோடு சுத்தமாக விழுந்தால் மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம். இழுகினால் காத்திருக்க வேண்டும். திருச்சியில் கால் மணி நேரத்தில் ஆகிற காரியம் கொடைக்கானலில் காப்பி, பேப்பர், இரண்டாம் காப்பி தாண்டி நடக்கும்.

எதிர்வீட்டு ஜீப் டிரைவர் பனியன் வேஸ்ட்டில் டீசலைத் தொட்டுத் தன் வண்டியை ஒரே இழுப்பில் மினுக்கிவிட்டு எட்டிப் பார்ப்பார்.

"சார், இவ்வளவு தேய்க்கிறீங்களே, மைலேஜ் கூடுமா?"

"தம்பி, இது பெயின்ட்டுக்கு."

"பூம்பாறைக்கு ஒரு ட்ரிப் போய்ட்டு வாங்க, எல்லாம் சரியாயிரும்."

பழனியில்தான் அவருக்குச் சோதனை. வண்டி பூஜைக்கு மாமியின் வற்புறுத்தலில் அடிவாரத்துக்கு இறங்கியாக வேண்டும். எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில் போவதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் குருக்கள் விபூதித் தட்டோடு பானெட்டை நெருங்கும்போது, "சாமி, கண்ணாடியில வச்சிருங்க!" என்று பாய்ந்து குறுக்கே நிற்பார். விபூதி பொடி, தேய்த்தால் வட்ட வட்டமாகக் கீறும். குங்குமம் கறை. குருக்கள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மலை மேல இருக்கிறவரே கோவணத்தோட நிக்கிறார் சார்" என்றார். மாமி சிரித்துவிட்டார். திரும்பும் மலைப்பாதை முழுக்க நம்மவர் பேசவில்லை.

மெழுகு நிற்கிறதா என்று பார்க்க எல்லோரும் தண்ணீர் ஊற்றுவார்கள். முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது. பரவித் தேங்கினால் போய்விட்டது. நம்மவரிடம் இதைவிட நம்பகமான முறை ஒன்று இருக்கிறது. ஓட்டாத வண்டியின் பேட்டரி இறங்காமலிருக்கத் தினமும் காலையில் சற்று நேரம் எஞ்சினை ஓடவிடுவார். பானெட் வெதுவெதுப்பாகும். குளிரில் நடுங்கும் குரங்கு ஒன்று காம்பவுண்டுச் சுவரிலிருந்து அதன்மேல் குதிக்கும். முதலில் கம்பெடுத்து ஓடினார். பிறகுதான் கவனித்தார்: மெழுகு போட்ட மறுநாள் குதித்த குரங்கு, உட்கார்ந்த வாக்கில் அப்படியே வழுக்கி நம்பர் பிளேட் தாண்டித் தரையில் இறங்கியது. இரண்டாம் வாரம் பம்பரோடு நின்றது. அன்றுமுதல் கம்பு மூலைக்குப் போய், நோட்டும் பேனாவும் திண்ணைக்கு வந்துவிட்டன.

போன வாரம் குரங்கு குதித்தது, நடு பானெட்டில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்தது, நிதானமாக ஒரு மலை வாழைப்பழத்தை உரித்தது.

"ஏம்மா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார், அவ்வளவு சந்தோஷம். "அந்த டப்பாவ எடு. குரங்கு வழுக்கல!"