தேய்ந்த அரம்

எங்கள் வீட்டுக்கு எவர்சில்வர் கரண்டி வந்த வருஷம், ஆச்சி புழங்கிய மர அகப்பை விறகோடு விறகாக அடுப்புக்குள் போனது. இன்று அதே வீட்டில் நான்ஸ்டிக் சட்டி. எவர்சில்வர் பட்டால் பூச்சு கீறிவிடும் என்று மருமகள் மரக்கரண்டி கேட்டாள். நானே செதுக்கித் தருகிறேன் என்று பூவரசங்கொம்பு ஒன்றை வெட்டி வந்தேன்.

ஈரம் காயாத மரம். காம்பும் முதுகும் சாதாரணக் கத்திக்கே வசப்பட்டன. குழிதான் மசியவில்லை. நேர்க்கத்தியின் முனை குழிக்குள் குத்துமே தவிர, அடியை வழித்துக்கொண்டு ஏறாது. அதற்கு வளைந்த கத்தி வேண்டும். ஸ்வீடனின் மோரா ஊர்க் கத்திகள் இதற்குப் பேர்போனவை. விலைக்குத் தயங்கி மலிவான வேறொன்றை வாங்கினேன். இரண்டு கரண்டிக்குள் மழுங்கிப்போனது. அதன் வளைவும் என் குழியைவிடக் குறுகல். உழவுச்சால் போல வரிவரியாகத் தடம் விழுந்தது.

வட அமெரிக்கப் பழங்குடியினர் தேய்ந்த அரத்தைக் காய்ச்சி, நுனியை வளைத்துக் கோணல் கத்தி செய்துகொள்வார்கள். தம் பக்கமாக இழுத்து இழுத்தே தோணிச் சட்டமும் கரண்டியும் செதுக்கிவிடுவார்கள். அதைப் படித்ததும், பரணில் கிடந்த இரண்டு பட்டை அரங்களை எடுத்துக்கொண்டு கொல்லுப்பட்டறைக்குப் போனேன்.

“இது தேஞ்சுபோச்சே, ஆகுமா அண்ணாச்சி?” என்றேன்.

“பல்லுதான் தேஞ்சிருக்கு தம்பி. இரும்பு அப்படியே இருக்கு.”

முதலில் பல்லைச் சாணையில் தேய்த்து எடுத்தார். பல் இருந்தால் அந்த இடத்தில் விரிசல் விடுமாம். பிறகு உலையில் காய்ச்சி மெல்லிசாக அடித்து, ஒரு குழாய்த் துண்டின்மேல் வைத்து வளைத்தார். என் கரண்டிக் குழியில் வைத்துப் பார்த்து வளைவை இரண்டு முறை விரித்தார். சுமார் 770 டிகிரிக்கு மேல் இரும்பைக் காந்தம் இழுக்காது. துவைச்சலுக்குச் சூடு போதுமா என்று பார்க்க அவருக்குக் காந்தம் தேவைப்படவில்லை, நிறமே போதும். அரிவாளுக்குச் செய்வதுபோல் தண்ணீரில் துவைச்சல் கொடுத்தார். டிக்கென்று ஒரு சத்தம். மயிரிழை விரிசல்.

இரண்டாவது அரத்தையும் அதேபோல் அடித்து வளைத்து, இம்முறை எண்ணெயில் முக்கினார். தாங்கியது. ஆனாலும் அந்தக் கடினத்தோடு விட்டால் கண்ணாடிபோல் உடைந்துவிடும். துலக்கி, மறுபடி இளஞ்சூடு காட்டினார். பளபளப்பின்மேல் வைக்கோல் நிறம் படர்ந்ததும் நிறுத்தினார். கூலி 200 ரூபாய்.

கூர் ஏற்றியது நான். உருளைக் கம்பில் உப்புத்தாளைச் சுற்றி உட்புறத்தைத் தேய்க்க வேண்டும். முரட்டுத் தாளில் தொடங்கி நைஸ் தாளில் முடித்து, கடைசியில் தோலில் தீட்ட வேண்டும். வாங்கிய கத்தியையும் அப்படியே தீட்டி, வளைவைக் குழாயில் வைத்துச் சற்றே விரித்தேன். அதுவும் இப்போது சின்னக் கரண்டிகளுக்கு உதவுகிறது. வளைவு குழிக்குப் பொருந்தி, கூரும் நின்றால் போதும். சீவல் சுருள்சுருளாக எழுந்து வருகிறது; குழி மழமழவென்று இருக்கிறது.

முதல் நல்ல கரண்டியை அம்மாவிடம் கொடுத்தேன். கையில் வைத்து ஒருமுறை துழாவிப் பார்த்தாள்.

“ஆச்சியோடதுக்குக் காம்பு இன்னும் ஒரு சாண் நீளம். விறகடுப்பு அனல் கையில படக்கூடாதுல்ல.”

அடுத்த கொம்பை ஒரு சாண் கூட்டியே வெட்டி வைத்திருக்கிறேன்.