மூன்று எழுத்து, ஒரு நொடி

கரண்ட் போய்விட்டது என்றுதான் வீட்டில் சொன்னேன். மாடம்பாக்கத்தில், அதுவும் ஐப்பசி மழையில், இப்படிச் சொன்னால் யாரும் சாட்சி கேட்பதில்லை. ஆனால் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. “இன்வெர்ட்டர்” என்றேன். “ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைன்தானேப்பா?” என்றாள் மகள். பிளஸ் டூ இயற்பியலில் இவள் நல்ல மார்க் வாங்கவேண்டும் என்று தேனுபுரீஸ்வரர் கோயிலில் அர்ச்சனை செய்தவன் நான்தான்.

உண்மை இது. பிளக்கைப் பிடுங்கியது நான்.

எங்கள் பேரூராட்சி 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போனதை ஒட்டித் தெருவுக்கு ஃபைபர் வந்தது. பழைய ரவுட்டர் பரணுக்குப் போனது. புதிய பெட்டியின் சிக்னல் மாடி அறைவரை சரியாக ஏறவில்லை. பரணில் இருப்பதை இறக்கி மாடியில் மாட்டினால் போயிற்று, லேன் கேபிள் ஒன்று இழுத்தால் போதும். இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பத்தியே இருந்திருக்காது. நான் அதற்குள் புது மென்பொருள் ஏற்றப் போனேன்.

அந்த ஆசைக்கு ஒரு வரலாறு உண்டு. 2002 டிசம்பரில் லிங்க்ஸிஸ் கம்பெனி டபிள்யூஆர்டி54ஜி என்று நீலமும் கறுப்புமாக ஒரு ரவுட்டரை விற்கத் தொடங்கியது. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று அடுத்த வருடமே சிலர் கண்டுபிடித்து, உரிமப்படி மூலநிரலைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கம்பெனியும் கொடுத்தது. அதிலிருந்து 2004-இல் கிளம்பியதுதான் ஓபன்டபிள்யூஆர்டி. கடையில் வாங்கிய பெட்டிக்குள் கம்பெனி வைத்ததை எடுத்துவிட்டு நம் இஷ்டத்துக்கு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இதைப் படித்த நாளிலிருந்து, செய்துபார்க்காத ஒரே ஆள் நான்தான் என்று ஒரு குறை எனக்கு.

என் ரவுட்டரில் மொத்தச் சேமிப்பே 4 எம்பி. நினைவகம் 32 எம்பி. இவ்வளவு சின்னப் பெட்டிக்கு இது வேண்டாம் என்று அந்தத் திட்டத்தார் தாங்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 19.07 என்ற வெளியீட்டோடு இந்த ரகத்தைக் கைவிட்டும் விட்டார்கள். அவர்கள் கைவிட்டதை நான் கையில் எடுத்தேன். அந்த 19.07-ஐத் தேடி இறக்கி, ஏற்று என்று சொன்னேன். திரையில் கோடு பாதிவரை ஓடி நின்றது. நின்றதா, மெதுவாக நகர்ந்ததா என்று இன்றும் என்னால் சொல்லமுடியாது. காபி குடிக்கும் நேரம்கூடப் பொறுக்காமல் பிளக்கைப் பிடுங்கினேன். “இந்த வேளையில் மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்” என்று அதே திரையில் சிவப்பில் எழுதியிருந்தது. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதும்போது முதலில் ஒரு தொகுதியை முழுதாக அழித்து, பிறகுதான் புதியதை எழுதும். பாதியில் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

அதற்குப் பிறகு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும், அணையும், மறுபடி எரியும். வைஃபை வராது. உலாவியில் எந்த முகவரி அடித்தாலும் பதில் இல்லை. “எடைக்குப் போட்டால் என்ன தருவான்?” என்று மனைவி கேட்டாள். கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. பேப்பர் வண்டி அப்போது தெருவில் வந்துகொண்டிருந்தது.

முதலில் அடாப்டரைச் சந்தேகித்தேன். இது நியாயமான சந்தேகம். பழைய ரவுட்டர்கள் விளக்கை மட்டும் காட்டிவிட்டு எழாமல் கிடந்தால் பாதி நேரம் குற்றவாளி அடாப்டர்தான். வோல்டேஜ் சரியாகக் காட்டும், சுமை ஏறியதும் விழுந்துவிடும். ஆனால் என் கையில் இருந்தது இந்த ரவுட்டரின் அடாப்டரே இல்லை. பின் நுழைந்தது, அதனால் பொருந்தியது என்று எடுத்துக்கொண்டேன். கண்ணாடி போட்டுப் பார்த்தால் அது 5 வோல்ட். பெட்டி கேட்பது 9. அசல் அடாப்டர் எங்கே என்று வீட்டைப் புரட்டியதில், கொலுப் பெட்டிக்குள் எல்இடி சரத்தோடு இருந்தது. அந்தச் சரத்துக்கு 12 வோல்ட் வேண்டும். போன நவராத்திரிக்கு வந்தவர்களெல்லாம் “லைட்டிங் ரொம்ப சாஃப்டா இருக்கு” என்று பாராட்டிவிட்டுப் போனதன் காரணம் இப்போது தெரிந்தது. மாட்டியது நான்தான் என்பதால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

சரியான அடாப்டரிலும் விளக்குகள் அதே ஆட்டம்தான் ஆடின. அடுத்து ரீசெட் பட்டன். ஊக்கால் குத்தினேன். குண்டூசியால் குத்தினேன். சிம் கார்டு எடுக்கும் ஊசியால் குத்தினேன். இணையத்தில் இதற்கு முப்பது–முப்பது–முப்பது என்று ஒரு விரதம் சொல்கிறார்கள். பட்டனை அழுத்தியபடி 30 நொடி, அழுத்தியதை விடாமல் பிளக்கை எடுத்துவிட்டு 30 நொடி, மறுபடி செருகி 30 நொடி. கட்டைவிரலில் பள்ளம் விழும்வரை அனுஷ்டித்தேன். பெட்டி இரங்கவில்லை. இரங்காததற்குக் காரணம் எளிமையானது, எனக்குத்தான் பிறகு புரிந்தது. அந்தப் பட்டனை அழுத்தினால் அமைப்புகளை அழிப்பது உள்ளே ஓடும் மென்பொருள். அந்த மென்பொருளே எழவில்லை என்றால் பட்டன் அழுத்தப்பட்டதை யார் கவனிப்பது?

அப்படியானால் எதுவுமே விழித்திருக்கவில்லையா என்றால், ஒன்று இருக்கிறது. ஃபிளாஷின் முதல் 128 கேபியில் பூட்லோடர் உட்கார்ந்திருக்கும். மென்பொருளை எழுப்பிவிடுவதுதான் அதன் முக்கிய வேலை. சாதாரணமாக மென்பொருள் மாற்றும்போது அந்த இடத்தை யாரும் தொடுவதில்லை. அதனால்தான் செத்ததாக நாம் நினைக்கும் ரவுட்டர்களில் பல சாவதில்லை. சில ரவுட்டர்களில், பட்டனை அழுத்தியபடி கரண்ட் கொடுத்தால் இந்தப் பூட்லோடர் 192.168.0.66 என்ற முகவரியில் இருக்கும் கணினியிடம் ஒரு குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைக் கேட்கும். கேட்கும் மொழி டிஎஃப்டிபி. 1981-இல் கேரன் சொல்லின்ஸ் எழுதி வெளியிட்ட நெறிமுறை. பாஸ்வேர்டு கிடையாது, கோப்புப் பட்டியல் கிடையாது, 512 பைட்டாகத் துண்டு போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். இதைவிட எளிமையாக ஒன்றை வடிவமைப்பது கஷ்டம் என்று படித்தபோது, அதில் தவறு செய்வதும் கஷ்டம் என்று நான் புரிந்துகொண்டேன்.

வீட்டு லேப்டாப்புக்கு 66 என்று கையால் முகவரி கொடுத்தேன். கோப்பை வைத்தேன். சத்தமே இல்லை. ஃபயர்வால் தடுக்கிறது என்று தெரிந்து அதை அணைத்தேன். சத்தம் இல்லை. விண்டோஸ் கோப்பின் வாலை மறைத்துக் காட்டும் பழக்கமுடையது. பெயரின் முடிவில் நான் பாசமாக ஒரு ‘.பின்’ சேர்க்க, அது ‘.பின்.பின்’ ஆகியிருந்தது. திருத்தினேன். அப்போதும் இல்லை. ரவுட்டர் அணைந்ததும் லேப்டாப்பின் லேன் துவாரமும் தூங்கிவிடுகிறது, அது கண்விழிப்பதற்குள் ரவுட்டர் கேட்டு முடித்துவிடுகிறது என்று ஒரு இரவில் ஞானம் வந்தது. நடுவில் ஒரு சின்ன ஸ்விட்சை வைத்தால் துவாரம் தூங்காது. வைத்தேன். எல்லாம் இப்போது சரி. பதில் மட்டும் இல்லை.

பெட்டியைத் திருப்பி ஒட்டுச்சீட்டைப் படித்தேன். மாடல் எண்ணை முதல் நாளே படித்திருந்தேன். அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த பதிப்பு எண்ணைப் படிக்கவில்லை. ஒரே மாடல் பெயரில் கம்பெனிகள் வருடாவருடம் உள்ளே இருப்பதை மாற்றிக்கொண்டே இருக்கும். கோப்பு கேட்கும் இந்த வசதி அதன் அடுத்த பதிப்பில்தான் வந்தது. என்னுடையது அதற்கு முந்தையது. காதே இல்லாத ஒன்றிடம் நான் இத்தனை நாள் உச்சரிப்பைத் திருத்தித் திருத்திப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. மூடியைத் திறந்து, போர்டில் இருக்கும் சீரியல் முனையில் ஒயர் போடுவது. அதற்கு யூஎஸ்பி–டிடிஎல் கன்வெர்ட்டர் என்று விரல் அளவில் ஒரு பொருள் வேண்டும். தாம்பரத்தில் ரயில் ஏறினேன். 1931-லிருந்து மின்சார வண்டி ஓடும் தடம் இது. பார்க் ஸ்டேஷனில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தால் ஷட்டர்கள் மூடிக்கிடந்தன. அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுபடி போனேன். கடைப் பையன், “மூணு புள்ளி மூணா, அஞ்சா சார்?” என்று கேட்டான். “நல்லதா ஒண்ணு குடுப்பா” என்றேன். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, தானே ஜம்பரை 3.3-இல் மாற்றிக் கொடுத்தான். 5 வோல்ட்டில் மாட்டியிருந்தால் சிப் கருகியிருக்கலாம்.

பற்றவைப்பதை நானே செய்வதாக இருந்தேன். ஈயம் போர்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒட்டியது. கேம்ப் ரோடு பக்கம் டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவர், தினத்தந்தியை மடியில் இருந்து எடுக்காமலே நாலு ஊசிகளையும் பற்றவைத்துக் கொடுத்தார். “சார், இதுல எது தொட்டது?” என்று நான் கருக்கியிருந்த ஓர் இடத்தை மட்டும் காட்டிக் கேட்டார். காசு வாங்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

மூன்று ஒயர்: கிரவுண்ட், அனுப்புவது, பெறுவது. இதன் அனுப்பும் முனையை அதன் பெறும் முனையில் மாட்டவேண்டும். அனுப்புவதை அனுப்புவதோடு மாட்டினேன். இரண்டும் பேசின, எதுவும் கேட்கவில்லை. மாற்றி மாட்டி, வேகத்தை 115200 என்று வைத்து, கரண்ட் கொடுத்தேன். திரையில் வரி வரியாக எழுத்து ஓடியது. செத்தது என்று எல்லோரும் சொன்ன பெட்டி தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தது. இதோ யூ-பூட் 1.1.4, இதோ நினைவகம் 32 எம்பி, இதோ மென்பொருளை விரிக்கிறேன், எல்இசட்எம்ஏ பிழை 1, மீள வேண்டுமானால் பலகையை ரீசெட் செய். பிறகு தானே ரீசெட் செய்துகொண்டு மறுபடி முதல் வரியிலிருந்து. மேஜையில் கிடந்த இத்தனை நாளும் அது இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அது சொன்ன யோசனையை அது என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தது.

அந்த ஓட்டத்தை நிறுத்த இந்த ரகத்துக்கு ஒரு சாவி உண்டு. ‘ஒரு நொடியில் தொடங்குகிறேன்’ என்று அது சொல்லும் அந்த ஒரு நொடிக்குள் டி, பி, எல் என்று மூன்று எழுத்து அடிக்கவேண்டும். தட்டச்சு ஹையர் பாஸ் செய்தவன் நான். சான்றிதழ் ஃபிரேம் போட்டு ஹாலில் இருக்கிறது. டிஎல்பி அடித்தேன், டிபிபிஎல் அடித்தேன், வரி போன பிறகு சுத்தமாக டிபிஎல் அடித்தேன். மகள் வந்தாள். மூன்று எழுத்தையும் முன்பே காப்பி செய்து வைத்துக்கொண்டு, வரி தெரிந்ததும் பேஸ்ட் செய்தாள். நின்றுவிட்டது. “அவ்ளோதானாப்பா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்து அழிக்கும் கட்டளை. 9எஃப்020000 என்ற இடத்திலிருந்து 3840 கேபியை அழி என்று சொல்லவேண்டும். அந்த 2 இருக்கும் இடத்தில் கை தவறி 0 அடித்தால் பூட்லோடரும் சேர்ந்து போகும். அப்புறம் சீரியல் ஒயர் வைத்தும் பயனில்லை. கம்பெனி தரும் கோப்பிலும் ஒரு பொறி உண்டு. பெயரில் ‘பூட்’ என்று இருந்தால் தலைப்பக்கம் பூட்லோடரும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை வெட்டிவிட்டுத்தான் எழுதவேண்டும். இதை மட்டும் முன்கூட்டியே படித்து, வெட்டி வைத்திருந்தேன். இந்தக் கதையில் என் ஒரே சாதனை என்பதால் தனியாகச் சொல்கிறேன். எண்ணை வாய்விட்டுப் படித்து, விரல் வைத்துச் சரிபார்த்து, என்டர் தட்டினேன். அழித்த இடத்தில் எழுதியது ஓபன்டபிள்யூஆர்டி எல்லாம் இல்லை. கம்பெனியின் பழைய மென்பொருளே போதும் என்ற இடத்துக்கு அதற்குள் வந்துவிட்டிருந்தேன்.

எழுந்துவிட்டது. மாடியில் குடியிருக்கும் பையன் இறங்கி வந்து, “அங்கிள், உங்க பழைய வைஃபை பேரு காட்டுது, ஆனா நெட் வரலை” என்றான். அழித்த பகுதிக்கு வெளியே, கடைசி ஓரத்தில் இருந்த 64 கேபியில் என் பழைய அமைப்புகள் அப்படியே பிழைத்திருந்தன. பெயர், வைஃபை பாஸ்வேர்டு, அதோடு உள்ளே நுழைவதற்கு நான் என்றோ வைத்த நிர்வாகி பாஸ்வேர்டு. அது எனக்கு நினைவில்லை. மகள் பெயர், வண்டி நம்பர், குலதெய்வம் எல்லாம் அடித்துப் பார்த்தேன். என்னைத் தவிர யாரும் நுழையக்கூடாது என்று யோசித்து வைத்த பாஸ்வேர்டு போலிருக்கிறது. அந்தப் பட்டியலில் என்னையும் சேர்த்துவிட்டேன். கடைசியில் சிம் ஊசியை எடுத்து ரீசெட் பட்டனை அழுத்தினேன். பத்து நொடி. இப்போது கவனிக்க ஆள் இருந்ததால் வேலை செய்தது.

மாடி அறையில் இப்போது நெட் வருகிறது. வேகம் சுமார்தான். கீழே இருந்து சிக்னல் எட்டிப்பார்த்தபோது வந்த வேகத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவே.

மறுநாள் மாலை மனைவியின் ஆன்லைன் கணக்கு வகுப்பு. வைஃபை விட்டு விட்டு வரும் என்று அவள் எப்போதும் லேன் கேபிள் போட்டுத்தான் எடுப்பாள். துபாயில் ஒரு பையன் டிரிகோனோமெட்ரியோடு காத்திருக்க, லேப்டாப்பில் நெட் இல்லை. நெட் கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். ஆள் வந்து ஃபைபரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு லேப்டாப்பைத் திறந்தார். “மேடம், லைன் நல்லாதான் இருக்கு. யாரோ கையால ஐபி போட்டுவெச்சிருக்காங்க. ஃபயர்வாலையும் ஆஃப் பண்ணியிருக்காங்க.” அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, நேராக வகுப்பில் உட்கார்ந்தாள்.

அவர் ஷூ மாட்டும்போது மேஜையில் கிடந்த ஒயர்களைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன், கொஞ்சம் சுருக்கி, டிவி ரிப்பேர்க்காரரையும் மகளையும் விட்டுவிட்டுச் சொன்னேன். அவர் முகத்தில் மரியாதை வந்தது. “என் வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு செத்துக்கெடக்கு சார்” என்றார். வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிட்டும் போனார். வேறு கம்பெனி, வேறு மாடல், அடாப்டர் இல்லை.