பனித்தளத்தில் ஆறாம் வேற்றுமை: பக் உடைமை குறித்த ஒரு முன்னாய்வு

ஆறாம் வேற்றுமையை நம் இலக்கணக்காரர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். 'என் கை' என்றால் தற்கிழமை, என்னைவிட்டுப் பிரியாது. 'என் வீடு' என்றால் பிறிதின்கிழமை, விற்றால் போய்விடும். உலகத்து உடைமை முழுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கும் என்று அவர்கள் நினைத்ததில் பிழையில்லை. பனிக்கால ஞாயிறு காலையில், ஸ்காபரோவில் 'ஸ்டிக் அண்ட் பக்' நேரத்துக்கு அவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. போயிருந்தால் மூன்றாவதாக ஒரு கிழமையைச் சேர்த்திருப்பார்கள். அதற்குப் பெயர் தேடி அலையவும் வேண்டாம்: ஞாயிற்றுக்கிழமை.

களம் இதுதான். ஐஸ் ஹொக்கி அரங்கில் போட்டியோ பயிற்சியாளரோ நடுவரோ இல்லாத ஒரு மணி நேரம். தலைக்கவசம் போட்டு, ஸ்டிக்கும் பக்கும் கொண்டு வருகிறவர்கள் தங்கள் பாட்டுக்கு அடித்துப் பழகலாம். ஒருவர் நாலு பக் கொண்டு வருவார், இன்னொருவர் வாளி நிறையக் கொண்டுவந்து கவிழ்ப்பார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் கலந்துவிடும். கோலுக்குத் தப்பிய பக் சுற்றுப்பலகையில் மோதி, மூலை வளைவில் வழுக்கி, அந்தப் பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவரின் காலடிக்குப் போய்ச் சேரும். அவர் அதை அடிப்பார். 'எடுக்கலாமா?' என்று கேட்பவர் அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தவர்.

ஆய்வுப் பொருளின் இலக்கணம்: 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிப்பு, 156 முதல் 170 கிராம் எடை, கந்தகம் சேர்த்து இறுக்கிய கறுப்பு ரப்பர். 1875 மார்ச் 3 அன்று மொன்றியலில் விக்டோரியா பனிச்சறுக்குத் தளத்தில் நடந்த, வரலாறு கொண்டாடும் அந்த உள்ளரங்க ஆட்டத்தில் வட்டமான மரத்துண்டைத்தான் பாவித்தார்கள். மரம் நல்ல பொருள். பேனாக்கத்தியால் பெயர் வெட்டியிருக்கலாம். ரப்பர் வந்ததோடு அந்த வாசல் அடைபட்டது. விதிக்கு அமைந்த பக் என்றால், இன்னொரு பக்கோடு வைத்துப் பார்க்கையில் வேறுபாடு தெரியக்கூடாது. வித்தியாசம் இல்லாதிருப்பதற்காகவே செய்யப்பட்ட பொருளில் வித்தியாசத்தைத் தேடுவதே குறியியல் என்னும் துணைத்துறை.

(சிறுவர்களுக்கான 4 அவுன்ஸ் நீல பக்கும், கை பலக்க அடிக்கும் 10 அவுன்ஸ் செம்மஞ்சள் பக்கும் தவறாமல் உரியவரிடமே திரும்பும். அதை உடைமையுணர்வின் வெற்றி என்று எண்ணிவிடக்கூடாது. வேறு யாருக்கும் அவை வேண்டாம்.)

குறியிடும் முறைகளில் வெள்ளிநிற மார்க்கர் பேனா பரவலானது. முகத்தில் எழுதினால் பனியும் ஸ்டிக்கில் சுற்றிய துணி டேப்பும் சேர்ந்து அதைத் தேய்த்துவிடும். விளிம்பில் எழுதலாம் என்றால், பிடிப்புக்காக அங்கே குறுக்கும் மறுக்கும் வரிகள் இருப்பதால் எழுத்து பொட்டுப் பொட்டாகச் சிதறும். நகப்பூச்சு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். வன்னியில் மாட்டுக்குக் குறி சுடுவதுபோல ஈயம் பற்றவைக்கும் கம்பியால் சுடுகிறவர்களும் இருக்கிறார்கள். குறி நிலைக்கும், நாற்றமும் நிலைக்கும். வீட்டில் அமைதி மட்டும் நிலைக்காது.

நான் ஒரு டஜன் வாங்கி, ஒவ்வொன்றிலும் வெள்ளிப் பேனாவால் 'ப' போட்டேன். ஊரில் எங்கள் குடத்திலும் சருவத்திலும் அம்மா வெட்டுவித்திருந்த எழுத்து அதுதான். கலியாண வீட்டுக்கு இரவல் போன சருவம் ஊர் சுற்றிவிட்டு அந்த ஒற்றை எழுத்தின் பலத்தில் வீடு திரும்பியதை நான் கண்ணால் கண்டவன். ஆனால் ஸ்காபரோ பனித்தளத்தில், முழங்கால் உயரப் பொடியன் ஒருவன் என் பக்கைக் கையில் எடுத்து, அது தன்னுடையது என்று அடக்கமாகச் சொன்னான். அவன் பெயர் ஆங்கில 'யூ'வில் தொடங்குகிறது. அவனும் வெள்ளிப் பேனாதான் பாவித்திருந்தான். இருவரும் அந்தப் பக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அது என் பகரமாகவும் இருந்தது, அவனுடைய யூவாகவும் இருந்தது. பக் என்ற சொல்லின் முதலெழுத்தும் அதுவே என்ற மூன்றாவது பாடபேதத்தை நான் அவனிடம் எடுத்துரைக்கவில்லை. விட்டுக்கொடுத்தேன்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. ஸ்டிக்குக்கு இந்தச் சிக்கல் இல்லை. உயரத்துக்கு அளந்து வெட்டி, தன் கையாலேயே டேப் சுற்றிய ஸ்டிக்கை யாரும் இருட்டிலும் தடவி அறிவார்கள். நட்புக்காக ஆடும் 'ஷின்னி'யில் எல்லா ஸ்டிக்குகளையும் நடுவில் குவித்து, ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இரு பக்கமும் எறிந்து அணி பிரிப்பார். பிறகு அவரவர் ஸ்டிக்கை அவரவர் எடுப்பார்கள். வழக்கு வந்ததில்லை. ஸ்டிக் தற்கிழமை என்பது தெளிவு.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். நேரம் முடிந்து மணி அடித்ததும் பனியைச் செப்பனிடும் ஸம்போனி வாசலில் வந்து நிற்கும். பக் ஒன்று உள்ளே சிக்கினால் இயந்திரம் பழுதாகும். ஆகவே தளம் வெறுமையாகும்வரை ஓட்டுநர் அசையமாட்டார், நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தப் பார்வையின் கீழ் ஒவ்வொரு பக்காகப் புரட்டி எழுத்து வாசிக்க எவருக்கும் நெஞ்சு வராது. எத்தனை கொண்டு வந்தாயோ அத்தனையை அள்ளு: அதுதான் அங்கே சட்டம். அடையாளம் அழியும், எண்ணிக்கை மிஞ்சும்.

இந்தச் சட்டத்தின் கீழ்க் குறி போட்டவன் நிலை பரிதாபமானது. குறி போடாதவன் குறியில்லாத எந்தப் பக்கையும் மனச்சாட்சி உறுத்தாமல் எடுத்துக் கணக்கை நிரப்பலாம். குறி போட்டவன் தன்னுடையதை மட்டுமே எடுக்க வேண்டும். மற்றதில் கை வைத்தால், தன் எழுத்தே தனக்கு எதிர்ச்சாட்சி. ஆக, வெள்ளிப் பேனாவால் நான் காத்துக்கொண்டது என் பக்குகளை அல்ல, மற்றவர்களின் பக்குகளை. இந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு பனிக்காலம் பிடித்தது. மகனுக்கு இரண்டாம் வாரமே விளங்கிவிட்டது. "அப்பா, பன்னிரண்டு இருக்குத்தானே? பிறகென்ன?"

தொழில்முறை ஆட்டத்தில் இவ்வளவு குழப்பம் இராது என்று சிலர் வாதிடலாம். அதை மறுக்க 2010 ஒன்றே போதும். அந்த பெப்ரவரியில் வான்கூவர் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் சிட்னி கிராஸ்பி அடித்த தங்கக் கோலின் பக்கை ஒரு எல்லைக்கோட்டு நடுவர் எடுத்து வைத்திருந்ததால், அது இன்று ரொறொன்ரோ ஹொக்கிப் புகழரங்குக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதே ஆண்டு ஜூனில் பிலடெல்ஃபியாவில் பாட்ரிக் கேன் அடித்த பக், சிக்காகோவுக்கு ஸ்டான்லி கிண்ணத்தை வென்று கொடுத்தது. அது கோலுக்குள் போனதையே அரங்கில் பலர் உணரவில்லை. கேன் மட்டும் கையை உயர்த்திக்கொண்டு ஓடினார். ஆரவாரம் அடங்கிப் பார்த்தால் பக் இல்லை. சிக்காகோ உணவகம் ஒன்று 50,000 டொலர் சன்மானம் அறிவித்தும் அது திரும்பவில்லை. அத்தனை கமராக்களுக்கு முன்னால் ஒரு பக் இப்படி மறைய முடியுமென்றால், வெள்ளி 'ப' எந்த மூலைக்கு?

ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தேன். பன்னிரண்டு. மூன்றில் ப அல்லது யூ, எட்டில் ஒன்றுமில்லை. மிச்சம் ஒன்றில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு சின்ன இதயம், அதன் கீழே யாரோ ஒரு தாய் பொறுமையாக வைத்த இரண்டு புள்ளிகள். அதை எப்படியும் உரியவரிடம் சேர்த்துவிடுவது என்று தனியாகக் கோட்டுப் பையில் வைத்து அடுத்த ஞாயிறு கொண்டுபோனேன். நான் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டி நிமிர்வதற்குள் மகன் அதை எடுத்து அடித்துவிட்டான். அது மூலை வளைவில் வழுக்கி அந்தப் பக்கம் போயிற்று.