கோபுரம் காட்டி மன உளைச்சல் அளத்தல்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

படத்தைக் காட்டி மன உளைச்சலை அளக்கும் துறைக்கு அடித்தளம் இட்டவர் யாமாமோட்டோ. 2018-இல் உலகமெங்கும் சுற்றிய ஒரு படம் அசைவதாகத் தெரிந்தால் உளைச்சல், அசையாவிட்டால் நிம்மதி என்று கண்டறிந்த ஜப்பானிய நரம்பியல் வல்லுநர் அவர். அவரிடம் ஒரே குறை, அப்படி ஓர் ஆள் கிடையாது. படத்தை 2016-இல் வரைந்த உக்ரைன் ஓவியர் யூரி பெரெபாத்யாவே அதைச் சொல்லிவிட்டார். அவர் கையாண்ட உத்தி ஜப்பானில் நிஜமாகவே இருக்கும் பேராசிரியர் அகியோஷி கிதாவோக்காவுடையது. இல்லாதவருக்குக் கிடைத்த புகழ் இருப்பவருக்குக் கிடைக்கவில்லை. நம் பல்கலைக்கழகங்களில் இதை யாரும் புதுமையாக நினைக்க மாட்டார்கள்.

இனி உள்ளூர்க் கருவிகள்.

இராஜபாளையம் நாய்: வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. ஒரே மாதிரி இரண்டை நிறுத்தி வித்தியாசம் கேட்கலாம் என்றால், அதற்குள் அவை ஆய்வாளரைச் சோதிக்கத் தொடங்கிவிடுகின்றன.

பால்கோவா: படத்தைக் காட்டினால் விலை கேட்கிறார்கள். நிராகரிக்கப்பட்டது.

எஞ்சுவது தமிழ்நாடு அரசு முத்திரை. சாதிச் சான்றிதழ் வரை ஏறி வீட்டு பீரோவுக்குள்ளேயே கிடக்கும் படம், செலவில்லை. அதைக் காட்டி, “இது எந்த ஊர்க் கோபுரம்?” என்று கேட்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், “நம்ம வடபத்ரசாயி கோபுரம்தானே, பதினோரு நிலை, 192 அடி” என்பார். நாடி சீர். (காண்க: டீக்கடை, வாசல் பெஞ்சு, வாய்மொழி.)

இப்போது மருந்தைச் செலுத்த வேண்டும். “1940-களின் கடைசியில் முத்திரையை வரைந்த ஆர். கிருஷ்ணராவ் மதுரைக்காரராமே? மீனாட்சியம்மன் கோயில் மேலைக் கோபுரத்தைப் பார்த்துத்தான் வரைந்தாராமே?”

கிளாஸ் பெஞ்சில் இறங்கும். சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட காகிதக் கட்டு வெளிவரும். கட்டைவிரல் அகலக் கோபுரத்தில் சுண்டுவிரல் நகத்தால் நிலைகளை எண்ணுவார், ஆறாவதில் தப்பும், மறுபடி கீழிருந்து. இதற்குள் டீயில் ஆடை படிந்துவிடும். உளைச்சலின் அலகு அந்த ஆடைதான். ஓர் ஆடை மிதம். இரண்டாவது டீயிலும் படிந்தால் கடுமை. (காண்க: மேற்படி பெஞ்சு, மறுநாள் காலை, குரல் உயர்த்திய பதிப்பு.)

இராஜபாளையத்துக்காரர் பக்கத்தில் இருந்தால் முடிவு கெடும். “எந்தக் கோபுரமா இருந்தா என்னண்ணே, உங்க ஊருல காட்ட வேற என்ன இருக்கு?” என்று ஒரு வரி போதும், ஆடையைக் கணக்கிட டீயே மிஞ்சாது. (காண்க: மேற்படியாரின் மைத்துனர் வழங்கிய மறுப்புரை, அதற்கு டீ மாஸ்டர் கரண்டியால் தட்டி எழுதிய பின்னுரை, இரண்டும் சேர்ந்த செம்பதிப்பு, பற்று நோட்டின் பின் அட்டை, பாக்கித் தொகைக்கு மேலே, எண்ணெய் படாத பகுதி.)

மூன்றாம் வகையினர் கோபப்படுவதில்லை. “நிலை என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள், வாசல் நிலையையும் சேர்த்தா?” என்று கேட்டுக் குறிப்பேட்டைத் திறப்பார்கள். இவர்கள் முனைவர்கள். இவர்களுக்கு உளைச்சல் சுழியம். சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அளவு ஏறும். கருத்தரங்குகளில் தேநீர் இடைவேளையை அத்தனை சீக்கிரம் அறிவிப்பதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

ஓர் எச்சரிக்கை: ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இச்சோதனை கூடாது. வடம் இழுக்க வந்த கைகள் அன்று ஏராளம்.