விருந்தாளிக்குன்னு வெச்ச தூள்

ஏன்டா பேராண்டி, ஆம்பூரு, வாணியம்பாடின்னு சொன்னா சீமைக்காரன் கூட இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கறான். எதுக்கு? தோலுக்கு. அறுத்த ஆட்டுத்தோலு சும்மா கெடந்தா பொழுது சாயறதுக்குள்ள நாறிப்போவும். அதையே கையோட உப்புப் போட்டு அடுக்கி வெச்சா வாரக்கணக்குல அசையாம கெடக்கும். அப்பறம் ஆவாரம்பட்டைத் தண்ணியிலயோ குரோம் உப்புலயோ ஊறி, ஷூவா மாறி, கப்பல் ஏறிப் போவுது. செத்த ஆட்டோட தோலையே கெடாம வெக்கிற ஊர்ல பொறந்துட்டு, கால் கிலோ காப்பித்தூளை வாசனை போவாம வெச்சிக்கத் தெரியலன்னு நீ மூஞ்சைத் தூக்கிகினு நிக்கிறே. உன்னைப் பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் எதை நம்பி வேலைக்கு வெச்சிகினான்னு எனக்கு வெளங்கல.

சரி, உக்காரு. நீ வாங்கிகினு வந்த பையோட விலையை நான் கேக்கமாட்டேன். கேட்டா எனக்கு பிரஷர் ஏறும்னு உங்கம்மா ஏற்கெனவே சொல்லிட்டா.

மொதல்ல பையைத் தொறக்கற லட்சணம். கத்தரிக்கோலு ஆணியில தொங்குது. ஆனா பல்லு இருக்கறப்போ கத்தரிக்கோலு எதுக்குன்னு நம்ம வம்சத்துல ஒரு கொள்கை. பல்லால கடிச்சி இழுத்தா பை நேராவா கிழியும்? மேல ஆரம்பிச்சி அடிவயிறு வரைக்கும் போவும். பாதித் தூளு தரையில, மீதி உன் சட்டையில. அந்தப் பையில ஜிப்பு வெச்சிருக்கறது எதுக்குன்னு நெனச்சே? அதுக்கு மேல ஒரு விரக்கடை விட்டு நேரா வெட்டணும். போன தடவை நீ ஜிப்புக்குக் கீழ வெட்டிட்டு, ஜிப்பைப் பத்திரமா குப்பைத்தொட்டியில போட்டே.

அதோட நிக்கலையே. பை நடுவுல பொத்தான் மாதிரி வட்டமா சின்ன ஓட்டை இருக்குது, எலி கடிச்ச பையைக் கடைக்காரன் தலையில கட்டிட்டான்னு செலோடேப் ஒட்டினியாமே? அடேய், அது வால்வு. கொட்டையை வறுத்தா அதுக்குள்ள கரியமில வாயு உண்டாவும். அடுப்புலேர்ந்து எறக்கின பிறகும் நாள் கணக்குல அது கொஞ்சம் கொஞ்சமா வெளியே வந்துகினே இருக்கும். மூடி சீல் வெச்சா பை உப்பிகினு வெடிக்கப் பாக்கும். வாயு போவட்டும்னு தொறந்து வெச்சா வாசனையும் சேர்ந்து போவும். 1960-கள்ல இத்தாலிக்காரர் ஒருத்தரு, லூய்ஜி கோலியோன்னு பேரு, உள்ள இருக்கறது வெளியே போவலாம், வெளியே இருக்கறது உள்ள வரக்கூடாதுன்னு ஒரு வால்வைக் கண்டுபிடிச்சாரு. உங்கம்மா வாயும் அந்த வால்வும் ஒண்ணுதான், வெளியே வரும், நாம சொல்றது எதுவும் உள்ள போவாது. மெதுவாப் பேசு, அடுப்பங்கரையில இருக்கா.

அந்த வால்வைப் போறப்போ வரப்போ அமுக்கி மோந்து பாக்கறியே, "ஆஹா, இன்னா வாசனை"ன்னு கண்ணை மூடிக்கிறியே, அது யாரு ஊட்டு வாசனை? டம்ளருக்குள்ள வர வேண்டியதை மூக்குலயே செலவு பண்ணிட்டு, அப்பறம் காப்பி சப்புனு இருக்குதுன்னு சொல்றே.

காப்பிக்கு விரோதி நாலு பேரு. காத்து, ஈரம், சூடு, வெளிச்சம். நம்ம ஊட்டு அடுப்பங்கரை நாலு பேருக்கும் சேர்த்துக் கல்யாணப் பந்தி போட்ட எடம். அடுப்புக்கு மேல ஷெல்ஃபு, அதுல சன்னல் பக்கமா கண்ணாடி ஜாடி, அதுக்குள்ள காப்பித்தூளு. கேட்டா போட்டோ எடுத்தா அழகா இருக்குதுங்கறே. மே மாசத்துல நம்ம திருப்பத்தூரு 40 டிகிரியைத் தாண்டும். அது போதாதுன்னு கீழேர்ந்து குழம்போட ஆவி வேற. வறுத்த கொட்டையில எண்ணெய் இருக்குதுடா. காத்தும் சூடும் பட்டா அது காறிப்போவும். பழைய முறுக்கை எடுத்து மோந்து பாத்தா ஒரு வாடை வருமே, அந்த வாடைதான் அந்தத் தூள்லயும் வரும். அதை நீ "டார்க் ரோஸ்ட்"னு சொல்லிச் சிநேகிதனுக்குக் குடுக்கறே.

பக்கத்துல யாரு குடித்தனம் பாரு. பெருங்காய டப்பா, சாம்பார்ப்பொடி, கருவாட்டுப் பொட்டலம். காப்பித்தூளு அக்கம்பக்கத்து வாசனையை எல்லாம் உறிஞ்சிக்கும். போன பொங்கலுக்கு நாம குடிச்சது காப்பியா ரசமான்னு நான் கேட்டப்போ எல்லாரும் சிரிச்சீங்க. நான் சிரிப்புக்குக் கேக்கல.

இதைக் கேட்டுட்டு உங்கம்மா ஒரு நாளு புத்திசாலியாயிட்டா. தூக்கி ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சா. அங்க மேல்தட்டுல நேத்து பிரியாணி, அதுக்குத் தொணையா எண்ணெய்க் கத்திரிக்கா, நடுவுல தயிர் வெங்காயம், கதவு ஓரமா மல்லிப்பூ. இவங்க மத்தியில மூடி சரியா மூடாத காப்பி டப்பா. காலையில சில்லுனு வெளியே எடுத்து, நம்ம வெயில்ல மூடியைத் தொறந்தா இன்னா ஆவும்? குளிர்ந்த சொம்புக்கு மேல வேர்க்குதே, அதே ஈரம் தூள்மேல படியும். நாளைக்கு ரெண்டு தரம் எடுத்து ரெண்டு தரம் வெச்சா தூளுக்கும் தெனம் ரெண்டு குளியலு. 2019 ஜூலையில ஜோலார்பேட்டையிலேர்ந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணியை மெட்ராஸுக்கு ரயிலேத்தி அனுப்பின ஊருடா இது. அவ்ளோ தண்ணியை அனுப்பத் தெரிஞ்சவனுக்கு, ஒரு டப்பாவுக்குள்ள ஒரு சொட்டு போவாம பாத்துக்கத் தெரியல.

ஃப்ரீசர்ல வெக்கலாமான்னு கேப்பே. வெக்கலாம், ஆனா நியாயமா வெக்கணும். ஒரு வாரத்துக்கு வேணுங்கற அளவா சின்னச் சின்னப் பொட்டலமாப் பிரிச்சி, காத்தை நல்லா பிதுக்கிட்டு, இறுக்கி மூடி வெக்கணும். ஒண்ணை வெளியே எடுத்தா அதோட சில்லுப்பு போற வரைக்கும் தொறக்கக்கூடாது. தொறந்ததைத் திரும்ப உள்ள வெக்கவும் கூடாது. இவ்ளோ பொறுமை உனக்கு இருந்திருந்தா பத்தாங்கிளாஸ் கணக்குலயே தெரிஞ்சிருக்கும்.

உன் தம்பி பண்ணினது இன்னும் பெரிய காரியம். ஷூ கம்பெனியில வேலை பாக்கறவனாச்சே, ஷூ டப்பாவுக்குள்ள போடற சின்ன வெள்ளைப் பொட்டலம் இருக்குதே, சிலிகா ஜெல், அதுல ரெண்டைக் கொண்டாந்து காப்பி டப்பாவுக்குள்ள போட்டுட்டான். ஈரத்தை உறிஞ்சுமாம். உறிஞ்சும்தான். ஆனா அது சோத்துக்குப் பக்கத்துல வெக்கற சாமான் இல்ல, ஷூவுக்குன்னு வந்தது. அது தோலோடயும் பசையோடயும் பழகின வாடையைக் காப்பிக்குக் குடுத்துடும். கிழிஞ்சி உள்ள கொட்டினா இன்னும் வம்பு. நீல நிறத்துல மணி வருமே, அதுல கோபால்ட்டு சேர்த்திருப்பான், அது விஷம். தோலு காயணும், காப்பி காயணும், ரெண்டும் நெசம். அதுக்காக ரெண்டுக்கும் ஒரே வைத்தியமா?

இப்போ சிக்கரி. மூஞ்சைச் சுளிக்காதே. நெப்போலியன் காலத்துல, 1806-க்கு அப்பறம், கப்பலு வராம ஐரோப்பாவுல காப்பிக்குத் தட்டுப்பாடு வந்தப்போ பிரெஞ்சுக்காரன் இந்த வேரை வறுத்துக் குடிச்சிப் பழகினான். இன்னைக்கு அது குஜராத்துலயும் உத்தரப் பிரதேசத்துலயும் வெளையுது. காப்பி-சிக்கரி கலவைன்னு விக்கணும்னா அதுல பாதிக்கு மேல, நூத்துக்கு 51 பங்காவது காப்பி இருக்கணும்னு நம்ம நாட்டு உணவுச் சட்டம் சொல்லுது. எவ்ளோ காப்பி, எவ்ளோ சிக்கரின்னு பைமேல அச்சடிக்கவும் சொல்லுது. அந்த எழுத்து கண்ணாடி போட்டாலும் எனக்குத் தெரியாது, நீதான் படிக்கணும். எதுக்குச் சொல்றேன்னா, சிக்கரி ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில டப்பாவைத் தொறந்து வெச்சிட்டுப் பேசப் போனா, வந்து பாக்கறப்போ தூளு கட்டி கட்டியா நிக்கும். ஈர ஸ்பூனை உள்ள விட்டா அன்னைக்கே நிக்கும். இன்ஸ்டன்ட் தூளு அதுக்கும் மேல. ஒரு நாளு ஈரம் பட்டா தாரு மாதிரி அடியில ஒட்டிக்கும். அப்பறம் உளி கொண்டாந்துதான் காப்பி போடணும்.

இவ்ளோ குறை சொன்ன கிழவன் வழி சொல்லமாட்டானான்னு பாக்கறே. சொல்றேன். அந்த வால்வு பை நல்ல பைதான்டா, அதைத் தூக்கிப் போடாதே. தூளை எடுத்ததும் உள்ள இருக்கற காத்தைக் கையால அமுக்கி வெளியே தள்ளு. மேல் ஓரத்தை இறுக்கமா மடிச்சிகினே வா. துணி காயப்போடற கிளிப்பு ஒண்ணு போடு. அப்படியே பையோட ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள்ள வெச்சி மூடு. டப்பா பையோட அளவுக்கு இருக்கட்டும். பெரிய டப்பாவுல கொஞ்சோண்டு தூளைப் போட்டு வெச்சா மிச்ச எடத்துல காத்துதான் குடியிருக்கும். டப்பாவை அடுப்புக்கு எட்டாத, வெயிலு படாத அலமாரியில வெய்யி. ஸ்பூனு காஞ்சதா இருக்கணும். பழைய தூளுமேல புதுத் தூளைக் கொட்டாதே. டப்பாவைக் கழுவி, வெயில்ல நல்லாக் காய வெச்சி, அப்பறம் புதுசு போடு. காறிப்போன பழைய எண்ணெய் அடியில ஒட்டிகினு இருக்கும், புதுசையும் கெடுக்கும்.

ஆனா இதெல்லாம் சின்ன வித்தைடா. பெரிய வித்தை உன் பாட்டிக்குத் தெரியும். அவ பொறந்த ஊடு வேலூரு டவுனு. எங்க ஊட்டுல கேழ்வரகுக் கூழைக் குடிச்சிகினு இருந்தப்போ அவங்க காப்பிக்காரங்க. அவங்க தூளு வாங்கி வெக்கமாட்டாங்க. பச்சைக் கொட்டைதான் வாங்குவாங்க. பச்சைக் கொட்டை ஈரமும் வெயிலும் படாம இருந்தா மாசக்கணக்குல கெடாது. வேணுங்கறப்போ ரெண்டு கைப்பிடி வறுக்கறது, பலகை ஓரத்துல முடுக்கி வெச்ச கை மெஷின்ல அன்னன்னைக்கு அரைக்கறது. காப்பிக்கு வயசு ஏற ஆரம்பிக்கறது வறுத்த அன்னைக்குத்தான். அரைச்சிட்டா கிடுகிடுன்னு ஏறும். ஒரு கொட்டை ஆயிரம் துணுக்கா உடைஞ்சா அத்தனை துணுக்கையும் காத்து நக்கும். வறுத்த கொட்டை ரெண்டு மூணு வாரம் நல்லா நிக்கும், அரைச்சது பத்து நாளைக்கு மேல பழைய பேரை வெச்சிகினு ஓட்டும். அப்பறம் பைமேல ஆறு மாசம், ஒரு வருஷம்னு போட்டிருக்கானேன்னு கேப்பே. அது பிரிக்காத பைக்கு. குடிச்சா வயித்துக்கு ஒண்ணும் ஆவாது, அவ்ளோதான். என்னையும் போன வாரம் டாக்டரு பாத்துட்டு நல்லாத்தான் இருக்கீங்கன்னு சொன்னாரு. கட்டிலை விட்டு எழுந்துக்க ரெண்டு ஆளு வேணும்.

உனக்கு வறுக்க நேரம் இல்ல, சரி. நம்ம பக்கத்துக்குக் கிட்டத்துல காப்பி மலை ஏற்காடு இருக்குது. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் தொரை அங்க காப்பிச் செடியைக் கொண்டாந்து வெச்சாரு. ஜோலார்பேட்டையில ரயிலு ஏறினா சேலம். அங்க இருந்தோ இங்க டவுன்ல கண்ணெதிர்ல அரைக்கற கடையில இருந்தோ அளவா வாங்கு. கணக்குப் பாரு. நம்ம ஊட்டு பில்டருக்கு ஒரு வேளைக்கு 20 கிராம், ரெண்டு வேளைக்கு 40. இருநூறு கிராம் வாங்கினா அஞ்சு நாளுல தீர்ந்துபோவும். அஞ்சு நாளுல தீர்ற சரக்குக்கு வால்வு எதுக்கு, ஃப்ரீசர் எதுக்கு, சிலிகா ஜெல்லு எதுக்கு? தூளு கெடறது டப்பாவால இல்லடா, ரெண்டு கிலோ வாங்கினா கால் கிலோ சும்மான்னு போர்டு பாத்த ஒடனே உனக்கு நாக்குல ஊறற எச்சியால.

அதைவிடப் பெரிய கேடு ஒண்ணு இருக்குது. இந்தத் தடவை நீ கொண்டாந்த அந்த விலை ஒசந்த பையை உங்கம்மா எங்க வெச்சிருக்கா தெரியுமா? பீரோவுல, பட்டுப்பொடவைக்கு அடியில, பூட்டி. சம்பந்தி ஊட்டுக்காரங்க வரப்போ போடணுமாம். அவங்க தை மாசம் வரேன்னாங்க, இப்போ ஆவணி. அதுவரைக்கும் நாம கடைத்தெரு சிக்கரியைக் குடிச்சிகினு இருப்போம். தையில நல்ல தூளு நாப்தலின் வாசத்தோட வெறுந்தூளா வெளியே வரும். அதைக் குடிச்சிட்டு, "காப்பி ரொம்ப நல்லா இருக்குது"ன்னு சம்பந்தி மரியாதைக்குச் சொல்லுவாரு. நாமளும் நம்புவோம். ஆக, நல்ல காப்பியை நாமளும் குடிக்கல, அவரும் குடிக்கல. பெருமை மட்டும் வயிறு முட்டக் குடிச்சிட்டுப் போயிடும்.

அதனால தாத்தன் பேச்சைக் கேளு. நல்ல தூளை வாங்கின வாரத்துலயே நாம குடிச்சித் தீர்க்கணும். சம்பந்தி வர அன்னைக்குக் காலையில கடைக்கு ஓடி, நூறு கிராம் புதுசா அரைச்சிகினு வரணும். அதுதான் அவருக்கும் மரியாதை.

போ, உங்கம்மா கோயிலுக்குக் கெளம்பிட்டாளான்னு பாத்துட்டு வா. பீரோ சாவி காலண்டருக்குப் பின்னால மாட்டியிருக்குது. பல்லால கடிக்காதே, கத்தரிக்கோலை எடுத்துக்கோ. எனக்குச் சக்கரை அரை ஸ்பூனு, டாக்டரு கிட்ட சொல்லாதே.