கப்பல் வரியும் உப்பு வரியும்

கேள்வி: ராஜாவும் நாடாளுமன்றமும் மோதிக்கொண்டால் உள்நாட்டுப் போரே வந்துவிடுமா சார்?
– உப்பளத் தொழிலாளி ஒருவர், அனுமந்தை

பதில்: இங்கிலாந்தில் வந்ததே! முதலாம் சார்லஸ் 1629-ல் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு, 11 வருடம் அதன் முகத்தில் விழிக்காமல் ஆண்டார். செலவுக்குப் பணம்? உங்களைப் போன்ற கடலோரக்காரர்கள் கட்டிவந்த ‘கப்பல் வரி’யை, அலையையே பார்க்காத உள்நாட்டுக்காரர்கள் தலையிலும் 1635-ல் சுமத்தினார். ஜான் ஹாம்டன் என்பவர் கட்ட மறுத்து வழக்காடினார். 12 நீதிபதிகளில் 7 பேர் ராஜா பக்கம். ஹாம்டன் தோற்றார், ஆனால் ஊரே அவரைக் கொண்டாடியது.

பிறகு ஸ்காட்லாந்துக்காரர்களோடு மதத் தகராறு, படைச் செலவு. கஜானா காலி. 1640-ல் வேறு வழியின்றி நாடாளுமன்றத்தைக் கூட்டினார். 11 வருடக் கோபம் சும்மா இருக்குமா? 1642 ஜனவரியில் ஐந்து உறுப்பினர்களைக் கைதுசெய்ய ராஜாவே ஆட்களோடு வந்து சபைக்குள் நுழைந்தார். ஐவரும் முன்னமே கம்பி நீட்டியிருந்தார்கள்! ஆகஸ்டில் போர். 1649-ல் ராஜாவின் தலை போயிற்று.

இங்கேயும் ஒரு மோதல் நடந்தது, அதுவும் உங்கள் உப்பை வைத்து. 1923-ல் மணங்கு எடைக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த உப்பு வரியை ஆங்கிலேய அரசு இரண்டரையாக்கப் பார்த்தது. மத்திய சட்டசபை முடியாது என்றது. வைஸ்ராய் ரீடிங் தன் தனி அதிகாரத்தால் அமலாக்கினார். மறு வருடமே பழைய அளவுக்கு இறங்கியது. நம்மவர்கள் வாள் எடுக்கவில்லை. 1930-ல் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பள்ளினார், ஆறு மாதச் சிறை. வரியோ 1947 வரை போகவில்லை.