ஒன்றரை அடி: கூத்துக்களத்தில் தலைமுறை இடைவெளி பற்றிய ஓர் அளவீட்டு ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஒரே மேடை, ஒரே கோமாளி, ஒரே வசனம். முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பின்னால் இருக்கும் பெரியவர்கள் பஞ்சாயத்துக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நள்ளிரவுக்கு மேல் நிலைமை தலைகீழ். இந்த முரண்பாட்டை விளக்கி முனைவர் பட்டம் வாங்க யாரும் முன்வந்ததாகத் தெரியாததால், பட்டம் எதையும் எதிர்பாராமல் யானே இவ்வாய்வை மேற்கொண்டேன்.

2. முன்னோர் கருத்து

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டில் நகைக்கு முதலிடம் தருகிறார். அது பிறக்கும் இடங்கள் நான்கு: பேதைமை, மடன், எள்ளல், இளமை. இளமை என்பதற்குப் பிள்ளைமை என்றே பொருள் சொல்கிறார் உரையாசிரியர் பேராசிரியர். ஆக, பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிப்பதற்கு இலக்கண அங்கீகாரம் உண்டு. பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பதற்கு? முதுமை என்று ஒரு களத்தை அவர் சேர்க்கவில்லை. நூல் செய்தவர்கள் எல்லாம் பெரியவர்கள் என்பதை இங்கே நினைவிற் கொள்க.

நாடக உலகம் இச்சிக்கலை இரு முனைகளிலிருந்தும் தொட்டிருக்கிறது. 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில், பையன்கள் ராஜாவாகவும் ராணியாகவும் நடித்தார்கள். பெரியவர்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு வயதில் அதில் சேர்ந்த தி.க. சண்முகம், வளர்ந்து ஆளானபின் கிழவி வேடம் போட்டு ‘அவ்வை’ சண்முகம் ஆனார். வயது என்பது அரிதாரம்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். அதே புதுச்சேரியில், நம் காலத்தில், வேலு சரவணன் ‘கடல் பூதம்’ போன்ற நாடகங்களில் முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு, பார்க்கிற பிள்ளைகளையும் நாடகத்துக்குள் இழுத்துவிடுகிறார். முன்னதில் பிள்ளை பெரியவராகிறது. பின்னதில் பெரியவர் பிள்ளையாகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் யாரும் அளக்கவில்லை.

3. களமும் கருவிகளும்

களம்: திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் உள்ள கிளியனூர். சிறுபாணாற்றுப்படையின் நாயகன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாட்டுப் பகுதி இது. அந்நூலில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பர். பாணர்க்குப் பரிசில் தந்த மண்ணில் எனக்குக் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

நிகழ்வு: ஆடி மாதத்து இரவொன்றில் ‘திரௌபதி துகில்’ கூத்து.

கருவிகள்: அரையடி ஸ்கேல் ஒன்று, பொரி ஒரு பொட்டலம். தரவு சேகரிப்பாளர்: அக்கா மகன், வயது எட்டு. ஊதியம்: மேற்படி பொரி.

4. தரவுகள்

*முதல் தரவு.* இரவு பத்தரை. முகவீணை அலற, மிருதங்கம் அதிர, திரைக்குப் பின்னால் துரியோதனன் ஆடுகிறான். கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. தன் குலம், கோத்திரம், படைபலம் எல்லாவற்றையும் பாட்டாகச் சொல்லி முடிக்கிறான். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் திரையை ஒற்றை விரலால் விலக்கிப் பார்க்கிறான்.

“எல்லாம் சரிங்க ராஜா. காலையில பல்லு வெளக்குனீங்களா?”

முன்வரிசை வெடித்தது. ஒரு பையன் பக்கத்திலிருந்தவன் மேல் சாய, அவன் அடுத்தவன் மேல் சாய, பாய் முழுவதும் சரிந்தது. பெரியவர்கள் முதலில் நாட்டாமை முகத்தைப் பார்த்தார்கள். அவர் மீசை அசைந்த பிறகுதான் நாற்காலி வரிசை சிரித்தது.

“மாமா, நீங்க ஏன் லேட்டா சிரிச்சீங்க?” என்றார் தரவு சேகரிப்பாளர். என்னிடம் பதில் இல்லை. உறவுக்காரர் வீட்டுக்குத் திருவிழாவுக்கு வந்திருந்த மரக்காணம் உப்பளத் தொழிலாளி ஒருவர் பக்கத்திலிருந்து சொன்னார்: “தண்ணி விட்ட அன்னிக்கே உப்பு வாருவாங்களா தம்பி? ஒரு பாத்தியிலேர்ந்து இன்னொரு பாத்திக்கு மாத்தி, காய வச்சு, அப்புறந்தான் பூக்கும். பெரிய மனுசன் சிரிப்பும் அப்படித்தான்.” இவ்வாய்வில் கிடைத்த ஒரே கோட்பாடு இது.

*இரண்டாம் தரவு.* பிள்ளைகள் தரையில், பெரியவர்கள் நாற்காலியில். ஸ்கேலை மூன்று முறை வைத்து அளந்தேன்: தரைக்கும் இருக்கைக்கும் சரியாக ஒன்றரை அடி. சோதனைக்காக நானும் பாயில் இறங்கி உட்கார்ந்தேன். கட்டியக்காரன் அடுத்து வழுக்கி விழுந்தபோது யார் மீசையையும் பாராமல் சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் நாற்காலி பறிபோயிருந்தது.

*மூன்றாம் தரவு.* இரவு ஒன்றரை. முன்வரிசை போர்வைக்குள் போய்விட்டது. கட்டியக்காரன் அதை ஒரு பார்வை பார்த்து உறுதிசெய்துகொண்டு, புருஷன் பெண்டாட்டி கதை ஒன்றை எடுத்தான். (ஆய்வு நாகரிகம் கருதி அக்கதை இங்கே தரப்படவில்லை.) இப்போது பெரியவர்கள் குலுங்கினார்கள். பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின. அந்நேரம் என் காலடியில் ஒரு போர்வையும் குலுங்கியது. விலக்கினேன். தரவு சேகரிப்பாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்கினார், பல் மட்டும் தெரிய.

பிள்ளைகள் தூங்கிவிட்டதாகப் பெரியவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை கெடாமல் பிள்ளைகள் தூங்குகிறார்கள். மேடையில் நடந்ததைவிட நல்ல நடிப்பு இது.

5. கண்டறிந்தவை

(அ) தலைமுறை இடைவெளி என்பது ஒன்றரை அடி. இறங்க முடியும், இறங்கினால் நாற்காலி போகும்.

(ஆ) பிள்ளைகள் ராஜாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. “பல்லு வெளக்கினியா, பாடம் படிச்சியா, ஏன் மொறைக்கிற” என்று நாள் முழுக்கத் தங்களிடம் கேட்கப்படும் கேள்வியை, யாரோ ஒருவன், தலையில் கிரீடம் வைத்தவனிடம் திருப்பிக் கேட்கிறான். அதற்குத்தான் அந்த வெடிச்சிரிப்பு. எனவே நகையின் ஐந்தாம் களமாகத் ‘திருப்பிக் கேட்டல்’ என்பதைச் சேர்க்குமாறு தொல்காப்பியரைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

(இ) கட்டியக்காரனுக்கு வயது கிடையாது. பத்தரைக்கு எட்டு வயது, ஒன்றரைக்கு நாற்பது.

6. ஆய்வின் வரம்பு

விடிந்தது. உப்பளத்துக்காரர் வெயில் ஏறுவதற்குள் பாத்திக்குப் போகவேண்டும் என்று பஸ் ஏறினார். நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த தரவு சேகரிப்பாளர் பன்னுக்குக் கை நீட்டினார். மாமன் என்ற முறையில் கேட்டேன்:

“பல்லு வெளக்கினியாடா?”

“நீங்க, மாமா?”

வெளக்கவில்லை. ஆய்வு நேர்மை கருதி அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.